மேல ஏறியாச்சா?

இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டுவதாக இருந்தால் இதைவிட நல்ல ஆளாகப் பார்த்து, அவருக்கு நடந்ததாகச் சொல்லியிருப்பேன். நடந்தது மேனேஜருக்கு. அவரே சொல்லி நான் கேட்டது. தான் முட்டாளாகத் தெரியும் ஒரு கதையை அந்த மனிதர் தன் வாயாலேயே சொன்னார் என்றால், அது நடந்துதான் இருக்க வேண்டும். அவரை அறிந்தவர்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

லிஃப்ட் விற்கும் கம்பெனி ஒன்றில் அவர் மேனேஜர். ஆட்களை ஏற்றி இறக்குவது தொழில் என்றாலும், அவருக்குக் கைவந்தது இறக்குவது மட்டும். சர்வர் முதல் சம்பந்தி வரை யாரையும் விட்டுவைக்க மாட்டார். அதிலும் மனைவி பேசுவதைப் போலப் பேசிக் காட்டுவதில் மன்னர். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் போதும். அவள் இழுத்து இழுத்துப் பேசும் விதத்தையும், கோபம் வந்தால் குரல் கீச்சென்று போவதையும் அப்படியே செய்து காட்டி, விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பார். அவள் தண்ணீர் ஜக்கோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் அந்த ஜக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்காவின் கணவர், அதாவது மேனேஜரின் சகலை, ஒரு மலையூரில் அணைக்கட்டில் வேலை பார்க்கிறார். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. மேனேஜர் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘குழாய்’. அந்தக் குழாயின் வீட்டு வாசலில் போய் நின்று மனைவியைக் கெஞ்சி அழைத்து வருவதா என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். எட்டாவது நாள் பஸ் ஏறிவிட்டார். காலி வீட்டில் தனியாகத் தூங்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. என்னிடம் அதை வேறு மாதிரி சொன்னார்.

ஊரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிலும் காடு, மலை, மேலே ஒரு அணை, கீழே இன்னொரு அணை. நடுவில் ஒற்றைத் தெரு. அதில் இரண்டு டீக்கடை, ஒரு மருந்துக்கடை, பூட்டிக் கிடக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோ. பஸ் நிலையத்துக் கடிகாரம் ஓடவில்லை. அதன் கீழே கரும்பலகையில் அணையின் நீர்மட்டம் மட்டும் அன்றைய தேதியோடு எழுதியிருந்தது. டீக்கடையில் பேச்சு முழுக்கத் தண்ணீரைப் பற்றித்தான். எப்போது விடுவார்கள், எவ்வளவு விடுவார்கள், போன தடவை எது வரைக்கும் வந்தது… இதையே ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். டீக்கும் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அணைக்கட்டு ஊழியர் குடியிருப்பு சரிவில் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் வீடுகள். கதவைத் திறந்த பெரியவள், மனைவியின் அக்கா, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்க என்று சொன்னாள். உட்காருங்க என்று சொல்லவில்லை.

தங்கை வீட்டில் இல்லையாம். ஆற்றுக்குப் போயிருக்கிறாளாம். வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் கீழே போய், ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தட்டைப் பாறையில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறாளாம். இன்று மதகு திறக்கிற நாள், அதனால் சீக்கிரம் வந்துவிடுவாள், இங்கேயே இருங்கள் என்றாள். சகலை மதகு அறையில் டியூட்டியில் இருந்தார்.

மேனேஜர் உட்கார்ந்திருக்கிற ஜாதியா? நானே போய்க் கூட்டிட்டு வர்றேன் என்று கிளம்பினார். பெரியவள் வாசல் வரை வந்து, போகிறதானால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று நிறுத்தினாள். அணையில் ஊதும் சங்கு மலைக்குப் பின்னால் இருக்கும் அந்த வளைவுக்குக் கேட்காது. அதனால் திறப்பதற்கு முன் ஒரு ஆள் கரையோடு கூப்பிட்டுக்கொண்டே வருவார். கீழே இருக்கிறவர்கள் கரை ஏறி நின்று பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் ஏறியாகிவிட்டது என்று அந்தக் கூப்பிடுகாரர் போன் செய்த பிறகுதான் சகலை மதகைத் திறப்பார்.

“பதில் மட்டும் சொன்னா போதாது. ரெண்டு கல்லை எடுத்துத் தட்டணும்.”

“எதுக்கு?”

“அங்க குரல் நிறைய இருக்கு. குரலை யாரும் நம்ப மாட்டாங்க. அதுங்களுக்குக் கல்லு தூக்க வராது.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். சகலையும் கல் தட்டுவாரா என்று கேட்டார். பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குடியிருப்புக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு. அதன் உச்சியில் கூப்பிடுகாரர் உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பை வைத்த, தூக்கக் கலக்கமான மனிதர். பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கம்பு. இறங்காதீங்க சார், இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடக் கிளம்பிடுவேன் என்றார். மனைவி கீழே இருக்கிறாள் என்றார் மேனேஜர். நான் பார்க்கலையே, சரி, ஏறினதும் கல்லைத் தட்டுங்க என்றார் அவர்.

“கல்லு தட்ட நான் என்ன கொத்தனாரா? நீ கூப்பிடு. நான் ‘ஏறியாச்சுய்யா, போய்யா’ன்னு சொல்றேன். அவ்வளவுதான் உனக்கு மரியாதை.”

கூப்பிடுகாரர் தோளைக் குலுக்கிக்கொண்டு செல்போனுக்குத் திரும்பினார். இந்த மாதிரி ஆட்களை அவரும் நிறையப் பார்த்திருக்கிறார் போலும்.

மேனேஜர் இறங்கினார்.

கீழே ஆறு என்று சொல்லத் தண்ணீர் இல்லை. உருண்டைக் கற்களும் பாறைகளுமாகக் கிடந்தது. நடுவே இரண்டு மூன்று ஓடைகள் சலசலத்தன. வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. காட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. மணி ஐந்தே முக்கால்.

வளைவில் திரும்பியதும் தட்டைப் பாறை தெரிந்தது. அதன்மேல் மனைவி.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே மஞ்சள் ஸ்வெட்டர். அவர் வாங்கிக் கொடுத்தது, வாங்கிய அன்றே விலையையும் சொல்லிக் காட்டியது. கற்களில் தடுக்கித் தடுக்கி அவர் நடந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை. சரி, கோபம் என்று நினைத்துக்கொண்டார். பாறைக்கு நாலடி தள்ளி ஒரு கல்லில் கால் வைத்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. இந்தப் பட்டிக்காட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு தன்னை அலைய விட்டதாகவும், வீட்டில் பால் திரிந்து போனதாகவும், நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றும் அடுக்கினார்.

“சரிங்க” என்றாள்.

மேனேஜருக்கு ஆச்சரியம். அவளுடைய குரல்தான். அதே இழுவை. கோபம்தான் இல்லை. இனிமேல் இப்படிப் பெட்டியைத் தூக்கக் கூடாது என்றார்.

“சரிங்க.”

நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே கிளம்ப வேண்டும் என்றார்.

“சரிங்க. போகலாம்.”

வந்த வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தன் பேச்சுத் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு, சரி எழுந்திரு, தண்ணி விடப் போறாங்களாம் என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் பேசுங்க. உங்க குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.”

இதைக் கேட்டு உருகாமல் இருக்க முடியுமா? பேசினார். ஆபீஸ், பக்கத்து வீட்டுக்காரன், பஸ்ஸில் வந்த கண்டக்டர், டீக்கடைக்காரன், மேலே உட்கார்ந்திருக்கும் தொப்பை… எல்லோரையும் கிழித்துத் தோரணம் கட்டினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு கவனத்தோடு அவர் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒன்று உறுத்தியது.

அவள் வாயைத் திறக்கும்போது ஓடைச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் முடித்ததும் மறுபடி கேட்கிறது.

சும்மா தோன்றுகிறது என்று விட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம் பேசினார். அடுத்து இன்னொன்று. அவள் தலைமுடி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. தண்ணீர் பாறையில் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் பாறை காய்ந்து கிடந்தது.

“இந்தக் குளிர்ல எதுக்குத் தலைக்குக் குளிச்ச?” என்று கேட்கப் போனார்.

“சரிங்க” என்றாள். அவர் கேட்பதற்கு முன்பே.

மேனேஜருக்கு வாய் நின்றது. அநேகமாக அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

பனி பாறையைச் சுற்றி வந்து நின்றது.

அப்போது மேலே, தூரத்தில், கரையோடு அந்தக் குரல் வந்தது.

“மேல… ஏறியாச்சா…?”

வளைவுக்கு முன்னால் யாரோ பதில் சொன்னார்கள். டக், டக். கல் சத்தம்.

“மேல… ஏறியாச்சா…?”

இப்போது நேர் மேலே. மேனேஜர் தலையைத் தூக்கினார். இருய்யா, இன்னும் ஏறல என்று கத்துவதற்கு மூச்சை இழுத்தார்.

அவருக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார்.

பிறகு பேசினார்.

“ஏறியாச்சுய்யா… போய்யா.”

அது மேனேஜரின் குரல்.

அதே அலட்சியம். அதே எகத்தாளம். கடைசி வார்த்தையை உதறிவிடும் அதே பழக்கம்…

பாறையிலிருந்து வந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவளிடமிருந்து.

மேலே கூப்பிடுகாரர் ஒரு நொடி நின்றார். கல் சத்தத்துக்குத்தான் காத்திருந்திருப்பார். பிறகு, சொன்னபடிதான் சொல்கிறான் திமிர் பிடித்தவன் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். கம்பு ஊன்றும் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது.

மேனேஜர் கத்தினார்.

காற்றுதான் வந்தது.

மறுபடி கத்தினார். தொண்டையில் குரல் என்று ஒன்று இல்லை. வெறும் காற்று. வாய் திறந்து திறந்து மூடியது.

திரும்பி ஓடினார். கற்கள் உருண்டன. விழுந்தார். எழுந்தார். படிக்கட்டு எந்தப் பக்கம்…? பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

பின்னால் அவர் குரலிலேயே ஏதோ ஒன்று டீக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தது. சற்று முன் அவர் சொன்ன அதே வார்த்தைகள்.

தூரத்தில் சரளைக்கல்லை லாரியிலிருந்து கொட்டுவதுபோல ஒரு சத்தம்.

தண்ணீர்.

முதலில் கணுக்கால். ஐஸ் போலக் குளிர்ச்சி.

முழங்கால்.

ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

அவள் அசையவில்லை. தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. தோளுக்கு வந்தது. தலைக்கு மேல் போனது.

அவள் இருந்த இடத்தில் ஒரு சுழல்கூட எழவில்லை…

அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று மேனேஜருக்கே நினைவில்லை. கைக்கு அகப்பட்ட இரண்டு கற்களை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். டக், டக். டக், டக். விரல் நசுங்கி நகம் பெயர்ந்தது பிறகுதான் தெரிந்தது. எவரை இளக்காரம் பேசிவிட்டு இறங்கினாரோ அந்த மனிதர் சத்தத்தைக் கேட்டு, ஓடி வந்து, சரிவில் தொங்கியபடி கம்பை நீட்டி அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

இழுத்துப் போட்டதும் கூப்பிடுகாரர் சொன்ன முதல் வார்த்தை, சார், கம்ப்ளைன்ட் எதுவும் கொடுத்துடாதீங்க என்பதுதான். மேனேஜர் அவர் காலைக் கட்டிக்கொண்டு, சத்தமே வராமல் அழுதார். மனைவி, மனைவி என்று ஆற்றைக் காட்டினார். கூப்பிடுகாரருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு குடியிருப்புக்கு ஓடினார்.

கதவைத் திறந்தது மனைவி.

மஞ்சள் ஸ்வெட்டர். தலைக்குக் குளித்திருந்தாள். மேனேஜர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் படிக்கட்டில் இறங்கின நேரத்தில் அவள் காட்டு வழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டாளாம். பெரியவள் துண்டைக் கொண்டுவந்து அவர் மேல் எறிந்தாள். சூடாக டீ குடித்த பிறகு கீச்சுக் கீச்சென்று கொஞ்சம் பேச்சு வந்தது. நடந்ததைச் சொன்னார். பெரியவள் கடைசி வரை கேட்டாள். பாறை, ஈரத் தலை, குரல் எதற்கும் அவள் அசரவில்லை. சரிங்க என்று சொன்னாள் என்ற இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க சொன்னதுக்கெல்லாம் என் தங்கச்சி சரின்னு சொல்லிச்சா? அப்பவே தெரிய வேணாமா, அது அவ இல்லைன்னு?”

மேனேஜர் துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். அப்போதுதான், அவரே வெட்கமில்லாமல் சொல்கிறார், கையெடுத்துக் கும்பிட்டார். நீ இல்லாம அந்த வீட்ல என்னால இருக்க முடியல, இனிமே உன்னை மாதிரிப் பேசிக் காட்ட மாட்டேன், வா என்றார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததைவிட இது சுருக்கமாகவும் ஒழுங்காகவும் இருந்தது.

“போகலாம்” என்றாள். அவள் குரலும் கட்டியிருந்தது. இரண்டு நாளாகச் சளி என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கட்டைத் தொண்டையோடு மறுநாள் முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

வந்த பிறகு வீடு அமைதியாக இருந்தது. அவள் சண்டை போடுவதில்லை. குறை சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில், சமைக்கிற வேலை, ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பது. கொஞ்ச நாளில் மேனேஜருக்குப் பயம் தெளிந்து பழைய தலைக்கனம் எட்டிப் பார்த்தது. ஒரு பொம்பளையை எப்படித் திருத்த வேண்டும் என்று என்னிடமே ஒருநாள் வகுப்பெடுத்தார். நானும் கேட்டுத் தொலைத்தேன்.

அப்புறம்தான் சகலையிடமிருந்து போன் வந்தது. மதகு அறையிலிருந்து பேசினார். நலம் விசாரித்துவிட்டுத் தயங்கினார். மதகு திறக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் ஒரு குரல் கேட்கிறதாம். ஏறியாச்சுய்யா, போய்யா என்கிறதாம். கல் சத்தம் மட்டும் இல்லையாம். கூப்பிடுகாரர் பக்கத்தில் இருக்கிறார், பேசுகிறீர்களா என்றார்.

மேனேஜர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பேசினார். அங்கே இருக்கிற குரல்கள் எல்லாம் யாருடையவை என்று கேட்டார்.

“தண்ணி விடுறப்போ கூப்பிட்டும் ஏறாம கீழ நின்னவங்களோடது சார். அப்படி நின்னாத்தான் அது குரலை எடுக்கும். வேற யாரோடதும் அதுக்கு வராது.”

மேனேஜர் சரி என்றார். போனை வைக்கப் போனார். வைக்கவில்லை.

“என் மனைவி குரல்ல பேசிச்சே…” என்றார்.

மதகு அறையில் ஏதோ இயந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது.

“அவங்க எப்ப சார் கீழ நின்னாங்க?”

தெரியாது என்றார் மேனேஜர். தினமும் சாயங்காலம் அந்தப் பாறையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு முன் மதகு திறந்த ஒரு நாளில், கூப்பிட்டும் ஏறாமல், வேண்டுமென்றே… அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. ஜக்கோடு நின்ற அவள் முகம் வந்தது. நானே அவளை அங்கே அனுப்பினேன் என்று போனிலேயே அழுதிருக்கிறார்.

கூப்பிடுகாரர் அழுகை ஓயும் வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சார்… இத்தனை வருஷத்துல அங்க நின்னு மேல வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான். உங்களை நான் தூக்கினேன். அந்தம்மாவை யாரு தூக்கினது?”

பக்கத்து அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் மேனேஜர் இன்று வரை அதைக் கேட்கவில்லை. இரவில் விளக்கை அணைப்பதில்லை, அவ்வளவுதான். படுப்பது அவள் பக்கத்தில்தான்… தனியாகப் படுக்க அவருக்குப் பயம்.